நாற்பத்தெட்டு கிலோ

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். மழை நாள். செருப்பெல்லாம் சேறு. மேல்படியிலிருந்து கீழே வரை உருண்டு வந்து, பை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கிடந்தேன். சுற்றி நின்றவர்கள் பதறினார்கள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. எழுந்து சுடிதாரைத் தட்டிக்கொண்டிருந்தபோது உடற்கல்வி ஆசிரியை கிட்டே வந்தார். மேடம் என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம். என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையை ஊனலை நீ. தலையை உள்ள இழுத்துக்கிட்டே. யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்லை மேடம். தானா விழுந்துட்டேன்."

"எல்லாரும் தானாத்தான் விழுவாங்க. இப்படி விழ மாட்டாங்க. சாயங்காலம் ஜூடோ ஹாலுக்கு வா."

ஜூடோ என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. கராத்தே மாதிரி இருக்கும், பலகையை உடைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. தடித்த வெள்ளைச் சட்டை போட்ட பெண்கள் ஒருத்தி சட்டையை ஒருத்தி பிடித்து இழுத்து, மல்லாக்கத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கோயிலை ஒட்டிய வீதியில் இருக்கிறது. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மா ஆசாரம் தவறாதவள். நான் ஒரே பெண். பிறந்ததிலிருந்து வீட்டில் நான் அதிகம் கேட்ட சொல் 'தொடாதே'. கொடியில் உலரும் மடிப் புடவையைத் தொடாதே, தளிகை ஆகும்வரை பாத்திரத்தைத் தொடாதே, வெளியில் போய்விட்டு வந்தால் கால் அலம்பாமல் எதையும் தொடாதே. நான் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. ஆனால் எப்போதும் உடம்பைச் சுருக்கிக்கொண்டே இருந்து பழகிவிட்டது. பஸ்ஸிலும் வகுப்பிலும் அரை ஆள் இடம்தான் எனக்குப் போதும்.

ஹாலில் எனக்கு ஜோடியாக விட்டது துறையூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தவளை. வீட்டில் சின்ன வெங்காயம் பயிரிடுகிறவர்கள். அவளும் என்னைப்போல முதல் வருடம்தான், ஆனால் பள்ளியிலேயே ஜூடோ ஆடியவள். நான் அவள் சட்டைக் கழுத்தை இரண்டு விரலால் பிடித்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"நல்லா இறுக்கிப் புடிடி. நான் என்ன கண்ணாடியா, உடைஞ்சிடுவேனா?"

பிடித்தேன். அடுத்த நொடி தரையில் விரித்திருந்த மெத்தையில் கிடந்தேன். அவள் கையை நீட்டி என்னைத் தூக்கிவிட்டாள். மறுபடியும் போட்டாள். அன்று வீட்டுக்குப் போகும்போது சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு, யாருக்கும் தெரியாமல் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். விரல் முட்டிகள் சிவந்திருந்தன. இன்னொரு மனுஷியை அத்தனை பலமாக நான் அதுவரை பிடித்ததே இல்லை.

அரை வருடத்தில் நான் மாறித்தான் போனேன். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்க முடிந்தது. கூட்டத்தில் மேலே சாய்கிறவனை முழங்கையால் தள்ளி வைத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல ஜன்னலைப் பார்க்க முடிந்தது. ஒரு நாள் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "உன் நடை மாறிடுத்து. தரையில கால் பதியறது," என்றார். அவர் என்னைப் பற்றிச் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் மேடம் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மூலையில் எடை மெஷின் இருந்தது. ஏறச் சொன்னார். அவளும் நானும் கிட்டத்தட்ட ஒரே எடை. ஐம்பத்திரண்டு கிலோப் பிரிவு.

"ஒரு வெயிட்டுக்கு ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும். ரெண்டு பேரும் இதுலயே இருந்தா ஒருத்தி வீட்ல உட்காரணும். நாற்பத்தெட்டுக்கு நம்மகிட்ட ஆளே இல்லை," என்றவர் என்னைப் பார்த்தார். "நீ இறங்கிடு. நாலு கிலோதான். நான் ஆடின காலத்துல ஆறு கிலோ இறக்கியிருக்கேன்."

எனக்கு மறுக்கத் தோன்றவே இல்லை. சந்தோஷமாக இருந்தது. ஒரு இடம் காலியாக இருக்கிறது, அது எனக்கு. அவ்வளவுதான் யோசித்தேன். வெளியே வந்ததும் அவள்தான் கேட்டாள்.

"உன்னால முடியுமாடி? நீ ஏற்கெனவே குச்சி மாதிரி இருக்க."

"முடியும்."

"எங்க இருந்து எடுப்ப நாலு கிலோவ?"

அந்தக் கேள்விக்கு அப்போது நான் சிரித்தேன்.

முதலில் ராத்திரிச் சாதத்தை விட்டேன். பிறகு காலை இட்லியை. போட்டிக்கு முந்தின வாரம் உப்பு கிடையாது. கடைசி நாள் தண்ணீர் கிடையாது. மழைக்கோட்டு ஒன்றை உள்ளே போட்டு, அதன்மேல் டிராக் சூட்டை மாட்டிக்கொண்டு மத்தியான வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடுவேன். புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு ஊறுகிற எச்சிலைத் துண்டில் துப்புவேன். கடைசி இருநூறு கிராம் அப்படித்தான் போகும் என்று மேடம் சொல்லியிருந்தார்.

வீட்டில் இதை எப்படி மறைப்பது என்று பயந்துகொண்டிருந்தேன். காலையில் நேரமாகிவிட்டது, ராத்திரி களைப்பு என்று சொன்னால் போதுமாக இருந்தது. முழுப் பட்டினிக்கு அந்தப் பொய்கூட வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் காலையில், "எனக்கு இன்னிக்கு ஒண்ணும் வேண்டாம்மா," என்றேன். அம்மா கையில் இருந்த கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"ஏகாதசின்னு ஞாபகம் வச்சுண்டிருக்கியா?"

அன்று ஏகாதசி என்பதே எனக்குத் தெரியாது. தலையை ஆட்டினேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஏகாதசிக்கும் அம்மாவும் நானும் சேர்ந்து உபவாசம் இருந்தோம். அவள் பெருமாளுக்காக, நான் மெஷினுக்காக. பக்கத்து வீட்டு மாமியிடம் வாசலில் நின்று சொல்லுவாள்: "காலேஜ் படிக்கற பொண்ணு, யாரும் சொல்லாம தானா இருக்கா. ஏதோ பூர்வ புண்ணியம்." எனக்குக் காது சுடும். சிக்கல் மறுநாள் துவாதசி காலையில்தான். விடிந்ததும் அம்மா தளிகை பண்ணி, அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் வைத்து, "பாரணை பண்ணு, நன்னா சாப்பிடு," என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அதைத் தட்ட முடியாது. சாப்பிட்டுவிட்டு அந்தச் சாதத்தை ஓடித் தீர்ப்பேன்.

முதல் போட்டியில் வெண்கலம் வாங்கினேன். அடுத்ததில் வெள்ளி. எடை பார்த்து முடிந்ததும் தண்ணீர் குடிப்பேனே, அந்த முதல் வாய்த் தண்ணீர் பதக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். போட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் கண்டதையும் தின்பேன். வயிறு வலிக்க வலிக்கத் தின்பேன். பிறகு கண்ணாடியில் முகத்தைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கும். மறுபடியும் பட்டினி. சீப்பில் முடி கொத்தாக வந்தது. படிக்கும்போது ஒரே வரியை நாலு தடவை வாசித்தேன். ஆனால் பசியைத் தாங்குவதில் ஒரு கர்வம் வந்துவிட்டிருந்தது. வகுப்பில் டிபன் பாக்ஸைத் திறக்கிறவர்களைப் பார்த்து, பாவம், இவர்களால் முடியாது என்று நினைப்பேன்.

என் ஜோடிக்குத்தான் முதலில் சந்தேகம். ஒரு சாயங்காலம் என்னைத் தூக்கிப் போட்டவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"உன்னைத் தூக்குறப்ப எலும்பு குத்துதுடி. எனக்கு உன்னைப் போடவே பயமா இருக்கு."

"உனக்குப் பொறாமை," என்றேன். அன்றைக்கு வேறு ஒருத்தியோடு பயிற்சி செய்தாள்.

வீட்டில் கண்டுபிடித்தது அம்மா. எங்கள் வீட்டில் மாதத்தில் மூன்று நாள் சமைக்கிற தளிகை உள்ளுக்கும் பூஜை நடக்கிற பெருமாள் உள்ளுக்கும் போகக்கூடாது. அதனால் யாருக்கு எப்போது என்பது மறைக்க முடியாத விஷயம். எனக்கு அது நின்றுபோய் மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, சௌகரியம் என்றுகூட எண்ணினேன். அம்மா மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா வெளியே போயிருந்தார். அம்மா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நீ தூரமாகி எத்தனை நாள் ஆச்சு?"

"தெரியலைம்மா. கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு."

"கொஞ்சமா?" அவள் என் தோளைப் பிடித்தாள். "யாருடி அவன்?"

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்தது. சிரித்ததும் அழுகையாகிவிட்டது. நான் அழுததைப் பார்த்து, தான் நினைத்தது சரிதான் என்று அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்படி ஒண்ணும் இல்லைம்மா! யாரும் இல்லை. நான் சாப்பிடலை. அதான்."

"என்ன சாப்பிடலை?"

"போட்டிக்கு வெயிட் குறையணும். ரெண்டு வேளைச் சாப்பாட்டை விட்டுட்டேன். ஏகாதசி அன்னிக்கும் அதுக்குத்தான்."

அம்மா என்னையே பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதி. பிறகு அது மெதுவாக மாறியது.

"பெருமாளுக்குன்னு நினைச்சேனே," என்றாள். "ஊர் பூரா சொன்னேனே."

அவள் அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் தில்லைநகரில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் என் நகத்தைப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். "உடம்புக்கு உள்ள சோறு வரலைன்னா அது ஒவ்வொரு கடையா மூடிக்கிட்டே வரும். முதல்ல இதைத்தான் மூடும். இன்னும் போனா எலும்பு," என்றார். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த விளையாட்டை விட்டுடு," என்றாள். சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நாள் சாப்பிடவும் செய்தேன்.

பல்கலைக்கழக அளவிலான போட்டி வந்தது. நான் அதற்குள் ஐம்பத்தொன்றைத் தொட்டிருந்தேன். வேண்டாம் என்று மேடத்திடம் சொல்ல மூன்று முறை அவர் அறை வாசல் வரை போனேன். மூன்று முறையும் வேறு ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினேன். மழைக்கோட்டை மறுபடியும் எடுத்தேன்.

போட்டி பக்கத்து மாவட்டத்தில் ஒரு கல்லூரியில். காலையில் எடை பார்த்தார்கள். அரைக் கிலோவுக்கு மேல் அதிகமாக இருந்தது. நேரம் முடிய ஒரு மணிக்கும் குறைவாகவே இருந்தது. மேடம் என் தோளைத் தட்டி, "ஓடு," என்றார். ஓடினேன். என் ஜோடி அவள் எடையைக் கொடுத்து முடித்துவிட்டு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் ஓடி வந்தாள். சிறிது நேரத்தில் அவள் சட்டை நனைந்துவிட்டது. என் உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ள, ஹாலுக்குப் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் வந்தார். அவர் முகத்திலும் பயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அவசரம் மட்டும்தான் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம்தான்மா இருக்கு. முடியை வெட்டிடலாமா? கொஞ்சமாவது குறையும்."

முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்த கத்தரிக்கோல் அவர் கையில் இருந்தது. எனக்கு இடுப்பு வரை பின்னல். வாரம் தவறாமல் அம்மா எண்ணெய் தேய்த்து வளர்த்த முடி.

"வேணாம்டி," என்றாள் என் ஜோடி.

நான் சரி என்று தலையை ஆட்டினேன். கத்தரிக்கோல் சின்னது. பின்னல் தடிமனாக இருந்ததால் வெட்ட நேரமாயிற்று. மேடம் இழுத்து இழுத்து வெட்டினார். முடிந்ததும் பாரம் போன தலை முன்னால் சாய்ந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு போய் மெஷினில் ஏறினேன். குறைந்திருந்தது. போதவில்லை.

"பத்து நிமிஷம் இருக்கு. ஒரே ஒரு ரவுண்டு, கடைசி," என்றார் மேடம்.

வெளியே வந்தேன். மறுபடியும் அதே படிக்கட்டு. என் ஜோடி கையில் பின்னலை வைத்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவளுடைய தண்ணீர் பாட்டில் படியோரமாக இருந்தது. நான் குனிந்து அதை எடுத்து மூடியைத் திறந்தேன்.

"என்னடி பண்ற?"

"தாகமா இருக்கு."

குடித்தேன். ஒரு வாயோடு நிறுத்தவில்லை. அவசரப்படாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். மேடம் நாலடி தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலைக் கீழே வைத்ததும், "வேன்ல போய் உட்காரு," என்றார்.

வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போட்டி நடக்கிற சத்தம் கேட்டது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. விடுதலை மாதிரி ஒன்றும் இல்லை. என் ஜோடி இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு வந்தாள். நாற்பத்தெட்டில் ஆள் இல்லாததால் கல்லூரிக்குக் கோப்பையும் போயிற்று. திரும்பும் வழியில் மற்ற பெண்கள் யாரும் என்னோடு பேசவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா என் தலையைப் பார்த்து அலறிவிட்டாள். "யாருடி வெட்டினா?"

"மேடம் வெட்டினா. நான்தான் சரின்னேன்," என்றேன். வாசலிலேயே உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவும் வந்து நின்று கேட்டார். முடித்தபோது அம்மா, "இப்பவாவது விட்டுடுவியா?" என்றாள்.

"நாற்பத்தெட்டை விட்டுடறேன். ஜூடோவை விட மாட்டேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "அவ முடிவு பண்ணட்டும்," என்றார். அம்மா பல வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் தட்டில் போடுவதில் குறை வைக்கவில்லை.

மேடமும் என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டார். நான் ஐம்பத்திரண்டில்தான் ஆடுவேன் என்று போய்ச் சொன்னேன். அந்த அறைக்குள் நான் சொல்ல நினைத்ததைச் சொன்னது அதுதான் முதல் முறை. "அப்ப அவகிட்ட ஜெயிச்சுட்டுப் போ," என்றார். என் ஜோடிக்கும் எனக்கும் ஹாலில் போட்டி வைத்தார். அவள் எனக்காக விட்டுக்கொடுப்பாளோ என்று பயந்தேன். விட்டுக்கொடுக்கவில்லை. என்னை மெத்தையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நேரம் முடியும்வரை அசையவிடவில்லை. நியாயமான தோல்வி. எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு அவளுக்கு வணக்கம் சொன்னேன். அதன்பிறகு கல்லூரி முடியும்வரை அவள் போட்டிக்குப் போனாள், நான் அவளைத் தயார் செய்கிற ஆளாக இருந்தேன். அது எனக்குச் சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அவள் தங்கம் வாங்கிய அன்று கைதட்டிவிட்டுக் கழிப்பறையில் போய் அழுதிருக்கிறேன்.

கடைசி வருடம் ஒரு புதுப் பெண் வந்தாள். மணப்பாறைப் பக்கம். நல்ல வேகம். ஒரு நாள் மைதானத்தில் அவள் மழைக்கோட்டு போட்டு ஓடுவதைப் பார்த்தேன். அவளை நிறுத்தி என் கதையைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா," என்று சொல்லிவிட்டு மறுபடி ஓடினாள்.

நேராக மேடத்தின் அறைக்குப் போனேன்.

"அந்தப் பொண்ணை இறக்காதீங்க மேடம்."

"அவங்க வீட்ல பேசிட்டேன். சம்மதிச்சிட்டாங்க."

"என்னன்னு சொன்னீங்க? சாப்பிடாம இருக்கணும்னு சொன்னீங்களா? தீட்டு நின்னு போகும்னு சொன்னீங்களா?"

மேடம் மேசையில் இருந்த விசிலை எடுத்துக் கயிற்றை விரலில் சுற்றினார்.

"எனக்கு யாரும் இதெல்லாம் சொல்லலை," என்றார். பிறகு, "எல்லாரும் அப்படித்தான் பண்ணினோம்," என்றார். குரலில் கோபம் இல்லை.

"நீங்க சொல்லலாமே மேடம்."

"போ. கிளாஸுக்கு நேரமாச்சு."

அந்த வருடம் அந்தப் பெண்ணை இறக்காமல், ஐம்பத்திரண்டிலேயே என் ஜோடிக்கு மாற்று ஆளாக வைத்துக்கொண்டார். நாற்பத்தெட்டுக்கு யாரையும் அனுப்பவில்லை. அதற்கு அடுத்த வருடம் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

இப்போது திருச்சியில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் ஒரு ஹாலில் போய் ஜூடோ ஆடுகிறேன். உடம்பு சரியாகப் பல மாதம் பிடித்தது. டாக்டர் எலும்பு கொஞ்சம் பலவீனம்தான், பார்த்துக்கொள் என்கிறார். எடை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கிளினிக்கில் மெஷினில் ஏறினால் எண்ணை எனக்குச் சொல்லாதீர்கள் என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்வேன். வேலை மும்முரத்தில் சில நாள் மத்தியானச் சாப்பாடு தவறிவிடும். பசி ஏறும்போது உள்ளே எங்கேயோ பழைய கர்வம் ஒன்று எழுந்து நிற்கும். பார், உன்னால் முடிகிறது என்று சொல்லும். அதைக் கேட்டதும் பயந்துபோய், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறேன். சில நாள் உடனே எழுந்துவிட முடிகிறது. சில நாள் கொஞ்ச நேரம் ஆகிறது.